மடற்குழுக்களில் எழுதுவது: எந்த மெயில் செயலி, எப்படிப் பதில் எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் கரு), டெபியன் மாதிரியான கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்க வரும் நம் பிள்ளைகள் நிரலை நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். அதை மடற்குழுவுக்கு அனுப்பும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மடல் திரும்பி வந்துவிடுகிறது, அல்லது "டாப் போஸ்ட் செய்யாதீர்கள்" (பழைய மடலுக்கு மேலே பதில் எழுதாதீர்கள்) என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. காரணம் புரியாமல் சிலர் அத்தோடு விலகியும் போகிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

மடற்குழு என்றால் என்ன? இன்னுமா அதைப் பயன்படுத்துகிறார்கள்?

ஒரு முகவரிக்கு மெயில் அனுப்பினால், அதில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதுதான் மெயிலிங் லிஸ்ட். அனுப்பிய ஒவ்வொரு மடலும் இணையத்தில் ஒரு காப்பகத்திலும் சேமிக்கப்படும். லினக்ஸ் கெர்னலின் மேம்பாடு இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. டெபியன், போஸ்ட்கிரெஸ்கியூஎல், ஈமேக்ஸ் எல்லாமே மடற்குழுக்களில்தான் பேசுகின்றன. கெர்னலின் முதன்மைக் குழுவில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மடல்கள் வரும். நம் மடலைப் படிக்கப் போகிறவர் அந்தக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்காமல் இருந்தால், கீழே வரும் பாதி விதிகள் தானாகவே விளங்கும்.

சரி, எந்த மெயில் செயலி நல்லது?

பலருக்குத் தண்டர்பேர்ட். கட்டளைவரியில் பழகியவர்களுக்கு மட். இரண்டும் இலவசம், இரண்டிலும் மடற்குழுவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

செயலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், ரிப்ளை அழுத்தியதும் கர்சர் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் மனிதர்கள் எழுதுகிறார்கள். மேலே நின்றால் மேலே எழுதுவார்கள், பழைய மடல் முழுவதும் அடியில் தொங்கும். அந்தப் பழைய மடலை மூன்று புள்ளிகளுக்குள் மறைத்துவிட்டால் அது இருப்பதே தெரியாது, யாரும் வெட்டப்போவதில்லை. ஆகவே பழக்கத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் அமைப்பை மாற்றுங்கள் என்பதுதான் என் கட்சி. நாலு பேர் நாலு முறை கண்டிப்பதைவிட ஒரு டிக் குறி அதிக வேலை செய்யும்.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் மடல் எழுதுவதற்கான பகுதிக்குப் போங்கள். எச்டிஎம்எல் (எழுத்து அலங்காரங்களோடு கூடிய) வடிவில் எழுதுவதற்கான குறியை எடுத்துவிடுங்கள். பதில் எழுதும்போது மேற்கோளுக்குக் கீழே தொடங்கும்படி தேர்ந்தெடுங்கள். இன்னொரு வசதியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: வந்த மடலில் இரண்டு வரியை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்துவிட்டு ரிப்ளை அழுத்தினால், அந்த இரண்டு வரி மட்டும்தான் மேற்கோளாக வரும். வெட்டும் வேலையே மிச்சம்.

கெர்னலின் ஆவணங்களில் மெயில் செயலிகளுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. மட், ஆல்பைன், எவல்யூஷன், கேமெயில், கிளாஸ் மெயில், தண்டர்பேர்ட் என்று ஒவ்வொன்றையும் எப்படி அமைப்பது என்று சொல்கிறார்கள். ஜிமெயிலின் வலைப்பக்கத்தைப் பற்றி, அது பேட்ச் அனுப்ப உதவாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பேட்ச் என்றால் நிரலில் செய்த மாற்றத்தை அப்படியே மடலின் உடலில் வைத்து அனுப்புவது. ஒரு டேப் இடைவெளி மாறினாலும் அது மறுமுனையில் ஒட்டாது. ஜிமெயில் வலைப்பக்கம் டேப்பை ஸ்பேஸாக மாற்றிவிடும், நீண்ட வரிகளை 78 எழுத்தில் உடைத்தும் விடும்.

அவுட்லுக்? அது அலுவலகத்துக்கென்று கட்டப்பட்டது, அங்கேயே இருக்கட்டும். மடற்குழுவுக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயில் கணக்கை விட முடியாது. என்ன செய்வது?

விடவே வேண்டாம். முகவரி வேறு, செயலி வேறு. அதே ஜிமெயில் முகவரியைத் தண்டர்பேர்டில் சேர்த்துக்கொள்ளலாம். பேட்ச்களை மட்டும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் சென்ட்-இமெயில் கட்டளையால் அனுப்பலாம். அதற்கு கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் (ஒரு செயலிக்கென்று தனிக் கடவுச்சொல்) ஒன்று உருவாக்கிக்கொண்டால் போதும்.

வலைப்பக்கத்திலேயேதான் எழுதுவேன் என்றால், எழுதும் பெட்டியின் கீழே இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் ப்ளெயின் டெக்ஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மறைந்திருக்கும் மேற்கோளைத் திறந்து, வெட்டிவிட்டு, கீழே எழுதுங்கள். சாதாரண உரையாடலுக்கு அது போதும்.

குழுவுக்கு அனுப்பிய மடல் எனக்கே வரவில்லையே?

ஜிமெயிலாக இருந்தால் அது அப்படித்தான். நீங்கள் அனுப்பிய மடலின் நகல் குழுவழியே திரும்பி வந்தால் அதைத் தனியாக இன்பாக்ஸில் காட்டாது. போய்ச் சேர்ந்ததா என்று குழுவின் காப்பகத்தில் பாருங்கள். வரவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள்.

ஆபீஸில் எல்லோரும் மேலேதானே பதில் எழுதுகிறார்கள்? இங்கே மட்டும் ஏன் கூடாது?

ஆபீஸ் மடலை நாலைந்து பேர் படிக்கிறார்கள், அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். மடற்குழுவில் பாதிப் பேர் உரையாடலின் நடுவில்தான் நுழைகிறார்கள். மூன்று வருடம் கழித்து இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவர் தேடுபொறி வழியாக உங்கள் ஒரு மடலில் மட்டும் வந்து இறங்குவார். அவருக்கு அந்த ஒரு மடலே புரியவேண்டும். "ஆமாம், அதையே செய்து பாருங்கள்" என்று மேலே எழுதி, அடியில் இருநூறு வரியைத் தொங்கவிட்டால், எதைச் செய்து பார்ப்பது?

கேட்ட வரி, அதற்குக் கீழே பதில், அடுத்த வரி, அதற்குக் கீழே பதில். இப்படித்தான் எழுதவேண்டும்:

> சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் வைஃபை வருவதில்லை.
> டெபியன் 12, கெர்னல் 6.1.

எந்த லேப்டாப், எந்த வைஃபை சிப் என்று சொல்லவில்லையே. அது தெரிந்தால்தான் மேலே பேசமுடியும்.

> டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினால் சரியாகிவிடுகிறது.

அப்படியானால் சிப் நன்றாகத்தான் இருக்கிறது. விழித்தெழும் நேரத்தில் டிரைவர் சிக்குகிறது என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக் கெர்னல் பதிவை அனுப்புங்கள்.

இதில் கேட்டவரின் மடல் முழுக்க இல்லை. வணக்கம், அவர் என்னென்ன முயன்றார் என்ற கதை, கையொப்பம் எல்லாம் போய்விட்டது. ஆனாலும் யார் வந்து படித்தாலும் விஷயம் விளங்கும். இன்னொரு லாபமும் உண்டு. வரிக்கு வரி பதில் எழுதும்போது, கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றை விட்டுவிட்டோம் என்பது நமக்கே கண்ணில் படும். மேலே ஒரே மூச்சில் எழுதும்போது அது தப்பிப்போகும். கெர்னலின் பேட்ச் வழிகாட்டியிலும் இந்த முறையைத்தான் கேட்கிறார்கள்.

அப்படியானால் முழு மடலுக்கும் கீழே போய் எழுதினால் சரிதானே?

இல்லை. நூறு வரியைக் கடந்து வந்து "நன்றி" என்ற ஒரு சொல்லைப் பார்ப்பது இன்னும் எரிச்சல். கீழே எழுதுவதோடு விதி முடிந்துவிடுவதில்லை. வெட்டுவதும் சேர்ந்ததுதான் அது. என்னைக் கேட்டால், வெட்டாமல் கீழே எழுதுவதைவிட மேலே எழுதுவதே தேவலாம்.

எவ்வளவு வெட்டலாம்? எழுதியவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பதிலுக்குத் தேவையானது மட்டும் இருக்கட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், முழு மடல் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1995ல், ஆர்எஃப்சி என்ற இணைய நடைமுறை ஆவண வரிசையில் வந்த 1855 என்ற இணையப் பண்பு வழிகாட்டியே, பின்னணி புரியும் அளவுக்கு மட்டும் மூல மடலிலிருந்து எடுத்தால் போதும் என்கிறது.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். "இன்னார் எழுதியது" என்ற வரியை வெட்டாதீர்கள். மேற்கோளுக்குள் மேற்கோள் வரும்போது, எத்தனை ">" குறி இருக்கிறதோ அதைவைத்துத்தான் யார் சொன்னது என்று அறிவார்கள். இடையில் ஒன்றைத் தொலைத்தால் ஒருவர் சொன்னது இன்னொருவர் தலையில் விழும். அப்புறம், வாக்கியத்தின் நடுவில் வெட்டி அர்த்தத்தைத் திருப்பிவிடாதீர்கள். அதற்கு மட்டும் நிச்சயம் கோபம் வரும்.

ரிப்ளையா, ரிப்ளை ஆலா, லிஸ்டுக்கு மட்டுமா?

இதில் குழுவுக்குக் குழு வழக்கம் மாறும். ஒரு குழுவில் மரியாதையாக இருப்பது இன்னொன்றில் தொந்தரவு. புதியவர்கள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது.

கெர்னல் குழுக்களில் எப்போதும் ரிப்ளை ஆல். காரணம், அந்தக் குழுக்களில் சேராதவர்களும் மடல் அனுப்பலாம். ஒரு பிழையைச் சொல்லவந்தவர் குழுவில் உறுப்பினராகவே இருக்கமாட்டார், அவரை முகவரியிலிருந்து எடுத்துவிட்டால் பதில் அவருக்குப் போகாது. அந்தப் பகுதியைப் பராமரிப்பவரும், மடல்களின் வெள்ளத்தில் தன் பெயர் இருக்கும் மடல்களைத்தான் முதலில் பார்ப்பார். அதனால் யாரையும் நீக்காமல் பதில் எழுதவேண்டும்.

டெபியன் இதற்கு நேர் எதிர். எழுதியவர் கேட்டுக்கொண்டால் ஒழிய அவருக்குத் தனி நகல் அனுப்பாதே என்று அவர்களின் மடற்குழு நடத்தைவிதி சொல்கிறது. அங்கே பெரும்பாலோர் உறுப்பினர்கள் என்பதால் தனி நகல் போனால் ஒரே மடல் இரண்டு முறை வரும். அங்கே வேண்டியது லிஸ்டுக்குப் பதில் என்ற மூன்றாவது வழி. தண்டர்பேர்டில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எல். மட்டில் பெரிய எழுத்து எல், ஆனால் எந்தெந்த முகவரிகள் குழுக்கள் என்று அதன் அமைப்புக் கோப்பில் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஜிமெயில் வலைப்பக்கத்தில் இந்தப் பொத்தானே கிடையாது. அங்கே ரிப்ளை ஆல் போட்டுவிட்டுத் தனி முகவரியைக் கையால் அழிக்கவேண்டியதுதான்.

தண்டர்பேர்டுக்குக் குழுவின் முகவரி எப்படித் தெரிகிறது என்று சிலர் கேட்பார்கள். குழுவைக் கையாளும் மென்பொருள் ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் லிஸ்ட்-போஸ்ட் என்று ஒரு வரியைச் சேர்க்கிறது. 1998ல் ஆர்எஃப்சி 2369 வகுத்த வரி அது. விலகுவதற்கான முகவரியும் அதே இடத்தில்தான் இருக்கும். "என்னை நீக்குங்கள்" என்று குழு முழுக்க எழுதுவதற்கு முன் அங்கே பாருங்கள்.

மூன்றாவது வகைக் குழுக்களும் உண்டு. அவை ரிப்ளை-டு வரியில் குழுவின் முகவரியையே வைத்துவிடும். அங்கே சாதாரண ரிப்ளையும் ஊருக்கே போகும். ஒருவருக்கு மட்டும் ரகசியமாக எழுதுகிறோம் என்ற நினைப்பில் எழுதியது காப்பகத்தில் ஏறிவிடும். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பெறுநர் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய மடலுக்கு ரிப்ளை போட்டு, தலைப்பை மாற்றிப் புது விஷயம் எழுதலாமா?

கூடாது. ரிப்ளை அழுத்தியதுமே, இன்ன மடலுக்கு இது பதில் என்ற அடையாளம் தலைப்பகுதியில் ஏறிவிடும். இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் என்ற அந்த வரிகள் கண்ணுக்குத் தெரியாது. தலைப்பை மாற்றினாலும் அவை மாறாது. தண்டர்பேர்டிலும் மட்டிலும் உங்கள் புதிய கேள்வி வேறு யாருடைய இழைக்குள்ளோ (ஒரு மடலும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடர்) போய் ஒளிந்திருக்கும். அந்த இழையில் ஆர்வமில்லாதவர் மொத்தத்தையும் தள்ளிவிடுவார், உங்கள் கேள்வியும் சேர்ந்து போகும். ஜிமெயிலில் தலைப்பு மாறினால் தனி உரையாடலாகக் காட்டுவதால், அனுப்பியவருக்கு எந்தத் தவறும் தெரிவதில்லை. புது விஷயத்துக்குப் புது மடல்.

எச்டிஎம்எல் மடல் அனுப்பினால் என்ன?

கெர்னல் குழுக்களின் சர்வர் அதை ஏற்றுக்கொள்ளாது. வேறு குழுக்களில் போய்ச் சேர்ந்தாலும், மேற்கோள் குறிகள் சிதறும், கட்டளைகளுக்குள் இருக்கும் நேர் மேற்கோள்குறி வளைந்துவிடும். வெறும் உரையே போதும்.

வரிக்கு 72 எழுத்து என்கிறார்களே, தமிழில் எழுதினால் எப்படி?

வரியின் நீளம் 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது, 998ஐத் தாண்டவே கூடாது என்று மெயிலின் வடிவத்தை வகுக்கும் ஆர்எஃப்சி 5322 சொல்கிறது. ">" குறிகள் சேரச் சேர வரி நீளும் என்பதால் 72 என்று குறைத்து வைத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அதனால் கணக்கு நேராக வந்துவிடும்.

தமிழுக்கு அப்படி வராது. மடல்களில் வழங்கும் யூனிகோட் வடிவமான யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். "மின்னஞ்சல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்கு இகரக் குறி தனி என்று எண்ணினால் பத்துக் குறிகள், 30 பைட். பத்தி பிரிக்காமல் ஒரே வரியாக 332 குறிகளைத் தாண்டினால் 998 முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலான செயலிகள் தமிழ் மடலை அப்படியே அனுப்பாமல் வேறு வடிவில் மாற்றி அனுப்புகின்றன. கோட்டட்-பிரின்டபிள் முறையில் ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து, அதாவது "மின்னஞ்சல்" மட்டும் 90 எழுத்து. அந்த முறையில் ஒரு வரிக்கு 76தான் என்பதால், ஒரே சொல் ஒரு வரியில் அடங்காது. பேஸ்64 முறையில் அதே சொல் 40 எழுத்தோடு நிற்கும்.

படிப்பவரின் செயலி இதைத் திரும்ப அவிழ்த்துக் காட்டிவிடும் என்பதால் உரையாடலுக்குச் சிக்கல் இல்லை. பேட்ச் அனுப்பும்போதுதான் கவனம் தேவை. ஆங்கிலம் தவிர்த்த ஓர் எழுத்து இருந்தாலே ஜிமெயில் வலைப்பக்கம் முழு மடலையும் பேஸ்64 ஆக்கிவிடும் என்று கெர்னல் ஆவணம் எச்சரிக்கிறது. கையொப்பத்தில் தமிழில் பெயர் போட்டிருந்தாலும் அதுதான் நடக்கும். அதற்காகத் தமிழ்ப் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டாம். சென்ட்-இமெயில் கட்டளை யூனிகோடை ஒழுங்காகக் கையாளும், அதில் அனுப்புங்கள்.

தமிழிலேயே நடக்கும் குழுக்களில் நான் வரி உடைப்பதில்லை, சிறு சிறு பத்திகளாக எழுதுகிறேன். பெரும்பாலோர் போனில் படிக்கிறார்கள். 72ல் உடைத்த வரி அங்கே பாதியில் மடங்கி, நீளமும் குட்டையுமாகத் தெரியும்.

கையொப்பம்?

இரண்டு சிறு கோடு, ஓர் இடைவெளி, அடுத்த வரியில் கையொப்பம். அந்த இடைவெளி முக்கியம், அதை வைத்துத்தான் மற்றவர் பதில் எழுதும்போது செயலி உங்கள் கையொப்பத்தைத் தானாக நீக்குகிறது. நாலு வரிக்கு மேல் வேண்டாம். "இந்த மடல் ரகசியமானது, பெறுநர் அல்லாதவர் அழித்துவிடவும்" என்று நிறுவனம் ஒட்டும் வாசகம் பொதுக் காப்பகத்தில் பொருளற்றது. கெர்னலுக்கு அனுப்பும் பேட்ச்சில் அது இருந்தால் ஏற்கவும் தயங்குவார்கள். சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள்.

போனிலிருந்து பதில் எழுதலாமா?

ஜிமெயில் ஆப் எச்டிஎம்எல்லையும் சேர்த்தே அனுப்பும். ஆண்ட்ராய்டில் கே-9 மெயில், அல்லது அதிலிருந்து 2024ல் வந்த தண்டர்பேர்ட் இரண்டில் ஒன்றைப் போட்டால் வெறும் உரையாக அனுப்பலாம். ஆனாலும் சிறு கண்ணாடியில் விரலால் மேற்கோளை வெட்டுவது கஷ்டம். அவசரமில்லை என்றால் கணினிக்கு வரும்வரை காத்திருங்கள்.

பல மடல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் டைஜஸ்ட் வடிவில் வாங்குகிறேன். அதற்கே பதில் போடலாமா?

வேண்டாம். தலைப்பு டைஜஸ்டின் பெயராக இருக்கும், இழையும் அறுந்துவிடும். உரையாட விரும்பினால் தனித்தனி மடலாக வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

சிலர் பெயருக்குப் பின்னால் "இன்ன குழு வழியாக" என்று வருகிறதே?

2014 ஏப்ரலில் யாஹூ, தன் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு வேறு சர்வரிலிருந்து வரும் மடல்களை நிராகரிக்கும்படி உலகத்துக்கு அறிவித்தது. டிமார்க் என்ற ஏற்பாட்டின் வழியே செய்தது. நோக்கம் போலி மடல்களைத் தடுப்பது. ஆனால் மடற்குழுவின் வேலையே ஒருவர் மடலை வாங்கி இன்னொரு சர்வரிலிருந்து அனுப்புவதுதான். தலைப்பில் குழுப் பெயரைச் சேர்ப்பது, அடியில் இரண்டு வரி ஒட்டுவது என்று மடலைத் தொட்டும் விடுவதால் அனுப்பியவரின் டிஜிட்டல் முத்திரையும் செல்லாமல் போகும். யாஹூக்காரர் எழுதிய மடல்கள் குழுவில் பலருக்குப் போகாமல் திரும்பின. அதே மாதம் ஏஓஎல்லும் இதைச் செய்தது. அதன் பிறகு, மடற்குழுக்களை நடத்தும் மெயில்மேன் போன்ற மென்பொருள்களில், அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைத்து, பெயரோடு "வழியாக" என்று சேர்க்கும் வழக்கம் பரவியது. அப்படி வந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுதும்போது முகவரியைக் கட்டாயம் சரிபாருங்கள்.

பதிலே வரவில்லை. எத்தனை நாள் பொறுப்பது?

கெர்னலில் குறைந்தது ஒரு வாரம். பிறகு அதே இழையில் பணிவாக ஒரு வரி நினைவூட்டலாம். மௌனத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பராமரிப்பவர்களில் பலர் வேறு வேலைகளுக்கு நடுவில்தான் இதைச் செய்கிறார்கள். சிக்கலை நீங்களே தீர்த்துவிட்டால், எப்படித் தீர்ந்தது என்று அதே இழையில் எழுதிவிடுங்கள். காப்பகத்தில் மிக அதிகம் பயன்படுவது அந்த மடல்தான்.

லீவில் போகும்போது தானியங்கிப் பதில் வைக்கலாமா?

குழுவுக்கு வரும் முகவரியில் வைக்காதீர்கள்.

அனுப்பிய மடலைத் திரும்பப் பெற முடியுமா?

முடியாது. அவுட்லுக்கின் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான் செல்லும். குழுவுக்கு அனுப்பியது பலர் பெட்டிக்கும் காப்பகத்துக்கும் போயாயிற்று. போன் எண், கடவுச்சொல், வீட்டு முகவரி எதுவும் மடலிலோ ஒட்டிய பதிவுகளிலோ இருக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். தவறான தகவல் எழுதிவிட்டால் அதே இழையில் திருத்தம் எழுதுங்கள்.

நான் உறுப்பினர் இல்லை. காப்பகத்தில் பார்த்த பழைய மடலுக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கெர்னலின் லோர் காப்பகத்தில் ஒவ்வொரு மடலின் அடியிலும் அதற்கு வழி எழுதியிருக்கும். அந்த மடலை எம்பாக்ஸ் (மடல்களைச் சேமிக்கும் ஒரு வடிவம்) கோப்பாக இறக்கி, உங்கள் செயலியில் திறந்து, ரிப்ளை ஆல் கொடுங்கள். இழை அறுபடாமல் சேர்ந்துகொள்ளும். தலைப்பை மட்டும் நகலெடுத்துப் புது மடல் எழுதினால் சேராது. வருடக்கணக்கில் பழைய இழையாக இருந்தால், இன்றைய பதிப்பிலும் அதே சிக்கல் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, பதிப்பு எண்ணை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.